கோப்புகளுக்கும் ஒரு பெரட்டு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடியுமுன்பே பெரட்டுக் களத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். கிராணியார் செக்ரோல் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் இருந்து ஆள் இல்லையென்றால் அது ஒரு செய்தி. ஆள் இருந்து பெயர் இல்லையென்றால் அது அதைவிடப் பெரிய செய்தி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். களத்தில் நிற்பவர்களைப் பார்த்து அந்த நேரத்தில் பட்டியல் எழுதுவதில்லை. முன்பே எழுதி வைத்த பட்டியலைக் கொண்டு நிற்பவர்களைச் சரிபார்க்கிறோம். பெரட்டின் உயிர் அந்த முன்பே எழுதிய பட்டியலில்தான் இருக்கிறது.

இன்றைய பேச்சு கணினியைப் பற்றியது. கணினிக்குள் இருக்கும் கோப்புகளை யாராவது நமக்குத் தெரியாமல் மாற்றிவிட்டால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே பொருள். இதற்கு வல்லுநர்கள் கையாளும் முறை, நாம் மேலே சொன்ன பெரட்டு முறையேயன்றி வேறில்லை.

முதலில் எங்கள் பள்ளி அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் வேலை பார்த்த சிறிய தோட்டப் பள்ளியில் ஒரு வகுப்பில் ஐந்தே மாணவர்கள். ஆண்டிறுதிக் கணிதத் தேர்வில் அவர்கள் பெற்ற புள்ளிகள் முறையே 72, 65, 88, 40, 91. கூட்டினால் 356. திருத்திய ஆசிரியர் கூட்டுத் தொகையைப் பேரேட்டில் எழுதி வைத்தார். பிறகு புள்ளிகள் பள்ளிக் கணினியில் ஏற்றப்பட்டன. பரிசளிப்பு விழாவுக்கு முன்பு கணினியிலிருந்து பட்டியல் எடுத்தோம். கூட்டுத் தொகை 356. பேரேட்டிலும் 356. சரியாக இருக்கிறதென்று கையெழுத்திட்டோம்.

விழாவுக்கு முதல் நாள் மாலை ஒரு தாயார் வந்தார். பால்மரத்து வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கையில் மகளின் தேர்வுத் தாள். "சார், பிள்ளை தாள்ல 91னு போட்டிருக்கு. சுவத்துல ஒட்டுன பட்டியல்ல 85னு இருக்கே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தாம்தான் எங்கோ தவறாகப் பார்த்துவிட்டோமோ என்ற தயக்கத்தோடு கேட்டார். நாங்கள் எல்லாத் தாள்களையும் எடுத்துப் பார்த்தோம். 40 பெற்றவனுக்குக் கணினியில் 46 இருந்தது. 91 பெற்றவளுக்கு 85 இருந்தது. ஒன்றில் ஆறு கூடியிருந்தது. மற்றொன்றில் ஆறு குறைந்திருந்தது. ஆகவே கூட்டுத் தொகை மாறவில்லை. முதல் பரிசு அந்தப் பெண்ணுக்குப் போகாமல் 88 பெற்ற பையனுக்குப் போக இருந்தது.

யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வேண்டுமென்றே செய்ததாக இருக்காது என்றே நம்புகிறோம். 40ஐ 46 என்று தவறாகத் தட்டிவிட்டு, கூட்டல் 362 என்று வந்ததும், காரணம் தேடாமல் கடைசி எண்ணில் ஆறைக் குறைத்து யாரோ கணக்கை ஒப்பேற்றியிருக்கலாம். அது எப்படியிருந்தாலும், கூட்டல் சரியாக இருக்கிறதென்று மேலே எதையும் பார்க்காமல் கையெழுத்திட்டவர்கள் நாங்கள்தாம். கணினியில் இருப்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியதே எங்கள் பிழை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் ஒன்று, வருகைப் பதிவேட்டில் அழிப்பானைத் தொடக்கூடாது என்பது. பிழை நேர்ந்தால் ஒரே கோடாக அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். பழைய எழுத்து தெரியவேண்டும். திருத்தியவர் யாரென்பதும் தெரியவேண்டும். காகிதத்தில் அழித்து எழுதினால் மை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். கணினியிலோ 91 இருந்த இடத்தில் 85 வந்து உட்கார்ந்தால் திரையில் ஒரு தழும்புகூட இருக்காது. சிக்கலின் வேர் இதுதான்.

இனிக் கணினிக்குள் செல்வோம். கணினியில் இரண்டு வகைக் கோப்புகள் உண்டு எனலாம். ஒன்று நாம் உண்டாக்குபவை: கடிதம், படம், புள்ளிப் பட்டியல் போன்றவை. மற்றொன்று கணினி இயங்குவதற்கே தேவையானவை. திரையில் எழுத்தைக் காட்டுவது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று முடிவு செய்வது எல்லாம் இந்த இரண்டாம் வகைக் கோப்புகளின் வேலை. இவற்றை அமைப்புக் கோப்புகள் என்கிறோம். சாதாரணமான ஒரு கணினியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இருப்பது வியப்பில்லை. அத்தனைக்கும் நடுவில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரல் ஒன்றை மட்டும் ஒருவன் மாற்றி வைத்துவிட்டால், அது வழக்கம்போல் எல்லோரையும் உள்ளே விடும். கூடவே ஒவ்வொருவரின் கடவுச்சொல்லையும் அவனுக்கு எழுதி வைக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

இப்படி உண்மையிலேயே நடந்த ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்பவர் வேலை பார்த்து வந்தார். அவர் வானியல் படித்தவர். கணினியைப் பயன்படுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டிய தொகையில் 75 காசு இடிக்கிறது, ஏனென்று பாருங்கள் என்று அவரிடம் சொன்னார்கள். 75 காசுதானே என்று அவர் விட்டுவிடவில்லை. தேடிக்கொண்டே போனபோது, எவனோ ஒருவன் கள்ளத்தனமாகக் கணினிக்குள் நுழைந்து சிறிது நேரம் பயன்படுத்தியிருக்கிறான் என்று தெரிந்தது.

அவன் எப்படி முழு அதிகாரத்தையும் கைப்பற்றினான் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்தக் கணினியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே எழுந்து சில பணிகளைச் செய்யும் சிறிய நிரல் ஒன்று இருந்தது. அது கணினியின் முழு அதிகாரத்தோடு இயங்குவது. நுழைந்தவன், கடிதங்களை இடம் மாற்றும் வேறொரு நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, அந்த ஐந்து நிமிட நிரலின் இடத்தில் தன் பொய் நிரலை வைத்தான். கணினி அதைத் தன்னுடையதென்று எண்ணி முழு அதிகாரத்தோடு இயக்கியது. அவனுக்கு வேண்டிய அதிகாரம் கிடைத்ததும் பொய் நிரலை எடுத்துவிட்டு உண்மையானதைத் திரும்ப வைத்துவிட்டான். குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவதையும், காக்கை அதைத் தன் முட்டையென்று அடைகாப்பதையும் நாம் அறிவோம். ஸ்டோலுக்கும் இதே எண்ணம்தான் தோன்றியது. பல மாதங்கள் பொறுமையாகப் பின்தொடர்ந்து, அவன் ஜெர்மனியில் இருந்துகொண்டு நுழைந்தவன் என்று கண்டறிய உதவிய அவர், 1989ல் எழுதிய நூலுக்குக் குயில் முட்டை என்னும் பொருள்படவே பெயரிட்டார். நுழைந்த மார்க்கஸ் ஹெஸ் என்பவனும் அவன் கூட்டாளிகளும், திருடிய செய்திகளைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றதற்காக 1990ல் தண்டிக்கப்பட்டார்கள்.

காக்கை அடையாளம் தெரியாமல் ஏமாறுகிறது. ஒவ்வொரு முட்டைக்கும் முன்பே அடையாளம் எழுதி வைத்திருந்தால் ஏமாறியிருக்காது. கணினிக்கு இந்த வசதியைச் செய்து தர வேண்டும் என்ற எண்ணம் பல அறிஞர்களுக்கு எழுந்தது. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், மோரிஸ் என்ற மாணவர் எழுதி விட்ட ஒரு நிரல் இணையத்தில் தானாகவே கணினிக்குக் கணினி பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதன் பின்னர் இந்தக் கவலை மேலும் மிகுந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யூஜின் ஸ்பாஃபோர்டும் அவருடைய மாணவர் ஜீன் கிம்மும் சேர்ந்து ஒரு காவல் நிரலை எழுதினார்கள். 1992ல் அதே நவம்பர் 2ஆம் நாள் அது சோதனைக்காக வெளியிடப்பட்டது. அதன் பெயர் ட்ரிப்வயர். காலில் தட்டும்படி தரையை ஒட்டிக் கட்டி வைக்கும் கம்பி என்பது அதன் பொருள். நம் தோட்டங்களில் மரவள்ளித் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி கட்டி அதில் காலிப் பால் டின்களைத் தொங்கவிடுவார்கள் அல்லவா? காட்டுப்பன்றியை அந்தக் கம்பி தடுத்துவிடாது. ஆனால் பன்றி வந்தால் டின் குலுங்கும், வீட்டுக்காரர் விழித்துக்கொள்வார். இந்த நிரலின் வேலையும் அதுவே.

சரி, ஒரு லட்சம் கோப்புகளை எப்படி அடையாளம் எழுதி வைப்பது? ஒவ்வொன்றையும் முழுதாக நகலெடுத்து வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடலாம். ஆனால் அதற்கு இடமும் நேரமும் மிகுதியாகத் தேவை. ஆகவே ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஒரு சிறிய எண்ணைக் கணக்கிட்டு அதை மட்டும் எழுதி வைக்கிறார்கள். ஆளுக்குக் கைரேகை போல, கோப்புக்கு அந்த எண்.

இந்தக் கைரேகையை எப்படிக் கணக்கிடுவது? எங்கள் புள்ளிப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். நேயர்கள் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டால் நல்லது. 72, 65, 88, 40, 91. எளிய முறை கூட்டுவது. விடை 356. இந்த முறை எங்களை எப்படி ஏமாற்றியது என்று மேலே கண்டோம். ஒன்றில் கூட்டி மற்றொன்றில் குறைத்தால் அது கண்டுகொள்ளாது.

கொஞ்சம் கடினமாக்குவோம். முதல் எண்ணை ஒன்றால், இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை மூன்றால், இப்படியே இடத்துக்கேற்பப் பெருக்கிப் பிறகு கூட்டுவோம். 72, 130, 264, 160, 455. கூட்டினால் 1,081. இப்போது மாற்றப்பட்ட பட்டியலை அதே முறையில் கணக்கிடுவோம். 72, 130, 264, அடுத்து 46ஐ நான்கால் பெருக்க 184, பிறகு 85ஐ ஐந்தால் பெருக்க 425. கூட்டினால் 1,075. எண் மாறிவிட்டது! பேரேட்டில் 356க்குப் பதிலாக 1,081 என்று எழுதி வைத்திருந்தோமானால் அன்றே பிடித்திருப்போம்.

ஆனால் இந்த முறையை அறிந்த ஒரு கெட்டிக்காரன் இதையும் ஏமாற்றலாம். 40ஐ 45 ஆக்கி, 91ஐ 87 ஆக்கினால் என்ன ஆகும்? ஒன்றில் ஐந்து நான்குகள் கூடும். மற்றொன்றில் நான்கு ஐந்துகள் குறையும். இரண்டும் இருபதுதான். கூட்டுத் தொகை மீண்டும் 1,081. ஆகவே கவனக்குறைவாக நேரும் பிழையைப் பிடிக்க ஒரு கணக்குப் போதும். வேண்டுமென்றே ஏமாற்றுபவனைப் பிடிக்க அதைவிடக் கடினமான கணக்கு வேண்டும். எண்ணிலிருந்து கோப்பைத் திரும்ப உண்டாக்க முடியாததாகவும், அதே எண்ணைத் தரும் வேறொரு கோப்பை யாரும் செய்ய முடியாததாகவும் அது இருக்க வேண்டும்.

இத்தகைய கணக்குமுறைகளைக் கணித அறிஞர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள். 1991ல் ரொனால்ட் ரிவெஸ்ட் வகுத்த எம்டி5 என்பது பல ஆண்டுகள் பயன்பட்டது. ஆனால் 2004ல் சீனப் பெண் அறிஞர் சியாவ்யுன் வாங்கும் அவருடன் பணியாற்றியவர்களும், வெவ்வேறான இரண்டு செய்திகள் ஒரே எம்டி5 எண்ணைப் பெறும்படி செய்ய முடியும் என்று காட்டிவிட்டார்கள். அடுத்து வந்த ஷா-1 என்னும் முறைக்கும் 2017ல் அதே கதி நேர்ந்தது. இன்று பரவலாக நம்பப்படுவது ஷா-256. கோப்பு ஒரே ஒரு சொல்லாக இருந்தாலும், ஒரு முழுத் திரைப்படமாக இருந்தாலும், இது தருவது எப்போதும் 64 குறிகள் கொண்ட ஒரே நீளமான எண்தான். இதில் வரக்கூடிய எண்கள் எத்தனை என்று எழுதப் புகுந்தால் 78 இலக்கங்கள் எழுத வேண்டும். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் விடையில் ஏறத்தாழப் பாதி மாறிவிடும். சிறிய மாற்றத்துக்குச் சிறிய வேறுபாடு என்பது இங்கே கிடையாது. ஆதலால் தட்டித் தட்டிப் பார்த்து ஒப்பேற்ற முடியாது.

இப்போது காவல் முறையைத் தொகுத்துக் காண்போம். கணினி புதிதாக, தூய்மையாக இருக்கும்போதே முக்கியமான கோப்புகள் அனைத்துக்கும் கைரேகை எடுத்துப் பட்டியலிட வேண்டும். இது நம் செக்ரோல். கைரேகையோடு கோப்பின் அளவு, அதன் உரிமையாளர் யார், யார் யார் அதைப் படிக்கலாம், யார் எழுதலாம், கடைசியாக எப்போது மாறியது என்பனவற்றையும் குறித்துக்கொள்வார்கள். பின்னர் நாள்தோறுமோ, மணிக்கொருமுறையோ காவல் நிரல் எல்லாக் கோப்புகளின் கைரேகையையும் மீண்டும் எடுத்துப் பட்டியலோடு ஒப்பிடும். மாறியவை எவை, புதிதாக வந்தவை எவை, காணாமல் போனவை எவை என்று மூன்று தலைப்பில் அறிக்கை தரும். இது பெரட்டு.

எல்லாக் கோப்புகளையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. நிரல் கோப்புகள் மாறவே கூடாதவை. அவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி கேட்க வேண்டும். நாட்குறிப்புக் கோப்புகள், அதாவது கணினி தன் நடவடிக்கைகளைத் தானே எழுதி வைப்பவை, வளர்ந்துகொண்டே போக வேண்டியவை. அவை வளர்வது இயல்பு. திடீரென்று குறைந்தால்தான் ஐயம். திருடன் தன் காலடியை அழித்திருக்கலாம். நாம் தினமும் எழுதும் கடிதங்களோ எப்போதும் மாறிக்கொண்டிருப்பவை. அவற்றுக்குக் கைரேகைக் காவல் பொருந்தாது. குழந்தை வளர்வதைப் பார்த்து அஞ்ச மாட்டோம்; ஆனால் பூட்டிய பெட்டியின் எடை மாறினால் அஞ்சுவோம்.

அடுத்து ஒரு முக்கியமான கேள்வி. அந்தப் பட்டியலை எங்கே வைப்பது? அதே கணினியில் வைத்தால், கோப்பை மாற்ற வல்லவன் பட்டியலையும் மாற்றிவிட மாட்டானா? நிச்சயமாக மாற்றுவான். செக்ரோலைத் திருத்தத் தெரிந்தவனுக்குப் பெரட்டைக் கண்டு பயமில்லை. அதனால்தான் தொடக்க காலத்திலேயே பட்டியலை எழுத முடியாதபடி பூட்டப்பட்ட வட்டில் வைக்கச் சொன்னார்கள். இப்போது பெரும்பாலும் தனியான வேறொரு கணினியில் வைக்கிறார்கள். காவல் நிரலுக்கும் இதே விதிதான். சில தீய நிரல்கள் கணினியின் அடித்தளத்திலேயே புகுந்துகொண்டு, காவல் நிரல் கோப்பைக் கேட்கும்போது பழைய நல்ல கோப்பைக் காட்டி ஏய்க்கும். வேலியே பயிரை மேய்ந்தால் காவல் யார்? ஆகவே ஐயம் வலுத்தால் அந்தக் கணினியை அதன் சொந்த வட்டிலிருந்து தொடங்காமல், தூய்மையான வேறு வட்டிலிருந்து தொடங்கிச் சோதிக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் நடந்தது இந்தப் பாடத்தை நன்கு உணர்த்தும். லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை வழங்கும் இணையதளத்துக்குள் சிலர் நுழைந்து, தரவிறக்கும் இணைப்பை மாற்றி, கள்ளக் கதவு வைத்த போலிப் பதிப்பைக் காட்டினார்கள். உண்மையான பதிப்பின் கைரேகை எண்ணைத் தனியே வைத்திருந்து ஒப்பிட்டவர்கள் தப்பினார்கள். ஆனால் எண்ணையும் கோப்பையும் ஒரே தளத்திலிருந்து பெறுகிறவருக்கு அந்த எண் முழுக் காவலாகாது. தளத்துக்குள் புகுந்தவன் எண்ணையும் மாற்ற முடியுமல்லவா? ஆகவேதான் இப்போது எண் பட்டியலுக்கும் ஒரு முத்திரைக் கையொப்பம் இட்டு வெளியிடுகிறார்கள்.

காவல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2018ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்துக்கு நேர்ந்தது சான்று. அதன் இணையதளத்தில் இருந்த ஒரு சிறிய கோப்பில் 22 வரிகளை யாரோ சேர்த்துவிட்டார்கள். பயணச்சீட்டு வாங்குவோர் அட்டை எண்ணை எழுதிப் பொத்தானை அழுத்தியதும், அந்த எண் நிறுவனத்துக்கும் போனது. நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் திருடர்களின் தளத்துக்கும் போனது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை, பதினைந்து நாள்கள் இது தொடர்ந்தது. வெளியார் ஒருவர் சொல்லித்தான் நிறுவனத்துக்கே தெரிந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் பாதிக்கப்பட்ட இந்நிகழ்ச்சிக்காகப் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020ல் 20 மில்லியன் பவுண்டு அபராதம் விதித்தது. அந்த ஒரு கோப்பின் கைரேகையை நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், மாறியது மறுநாளே தெரிந்திருக்கும். கடன் அட்டைகளைக் கையாளும் நிறுவனங்கள் முக்கியக் கோப்புகளை வாரத்துக்கு ஒருமுறையேனும் ஒப்பிட வேண்டும் என்று அட்டைத் துறையின் பாதுகாப்பு விதியே கூறுகிறது.

இனி இம்முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, இது தடுப்பதில்லை. தெரிவிக்க மட்டுமே செய்கிறது. டின் குலுங்கிய பிறகு எழுந்து போகவேண்டியவர் வீட்டுக்காரரே.

இரண்டாவது, பட்டியல் எடுக்கும்போதே கணினி கெட்டுப் போயிருந்தால், கெட்டதையே நல்லதென்று பதிந்து வைப்போம்.

மூன்றாவது, இரண்டு பெரட்டுக்கு நடுவில் நடப்பது. பெர்க்லியில் நுழைந்தவன் பொய் நிரலை வைத்துச் சில நிமிடங்களில் எடுத்துவிட்டான் என்று பார்த்தோம். இரவில் ஒருமுறை மட்டும் கைரேகை எடுத்தால், அந்த நேரத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். இதற்காகத்தான் இப்போது கோப்பில் கை வைத்த அந்த நொடியே இயங்குதளம் காவல் நிரலுக்குச் சொல்லும் ஏற்பாடும் உண்டு.

நான்காவது, எல்லோரும் தவிர்க்க முடியாத தொல்லை ஒன்று. கணினிக்கு அடிக்கடி நல்ல திருத்தங்கள் வருகின்றன. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் நூற்றுக்கணக்கான கோப்புகள் மாறும். காவல் நிரல் அத்தனைக்கும் கூச்சலிடும். புலி வருது, புலி வருது என்று கத்திய பையனின் கதை நமக்குத் தெரியும். பத்து நாள் பொய் எச்சரிக்கை வந்தால் பதினோராம் நாள் உண்மை எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். 2013ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 40 மில்லியன் அட்டைகளின் விவரம் திருடப்பட்டபோது, கண்காணிப்புக் கருவி எச்சரிக்கவே செய்தது. உரிய நேரத்தில் நடவடிக்கைதான் எடுக்கப்படவில்லை. ஆகவே எந்த நாளில், யார், எதற்காக மாற்றம் செய்யப் போகிறார்கள் என்று முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அறிக்கை வந்ததும் அதைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் உள்ள மாற்றத்தை ஏற்றுப் பட்டியலைப் புதுப்பிக்கலாம்; இல்லாத மாற்றத்தை விசாரிக்க வேண்டும். எங்கள் வருகைப் பதிவேட்டுச் சுருக்கொப்பம் இங்கேயும் வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது, நஞ்சு வாசல் வழியாகவே வந்தால் காவல்காரன் என்ன செய்வான்? 2020ல் சோலார்விண்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் மென்பொருள், தயாராகும் இடத்திலேயே மாற்றப்பட்டு, முறையான கையொப்பத்தோடு வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டது தெரியவந்தது. அதைப் பெற்றவர்களின் காவல் நிரல் கோப்பு மாறியதென்று சொல்லியிருக்கும். பதிவேட்டிலும் திருத்தம் வரவிருப்பதாக இருந்திருக்கும். எந்த ஒரு காவலும் தனியாகப் போதாது என்பதற்கு இதுவே சான்று.

நம் போன்றவர்கள் என்ன செய்யலாம்? முதலாவது, மென்பொருளை அதை உண்டாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுங்கள். அவர்கள் கைரேகை எண்ணை வெளியிட்டிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் அந்த எண்ணைக் கணக்கிடும் கட்டளை முன்பே இருக்கிறது. தனியே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது, சங்கக் கணக்கு, கோயில் கணக்கு, பள்ளிப் புள்ளிகள் போன்றவற்றை முடித்த நாளில் அந்தக் கோப்பின் கைரேகை எண்ணை எடுத்து, ஒரு காகிதப் புத்தகத்தில் நாளிட்டு, இருவர் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். பல ஆண்டு கழித்துக் கேள்வி எழுந்தாலும், கோப்பு அன்றிருந்ததுதானா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். மூன்றாவது, நகல் ஒன்றைக் கணினியோடு இணைக்காமல் தனியே வையுங்கள். மாறிவிட்டது என்று தெரிந்துகொள்வது பாதி வேலை. பழையதைத் திரும்பக் கொண்டுவருவது மறுபாதி.

இன்று நம் சேமநிதிக் கணக்கு, மருத்துவமனைக் குறிப்பு, பிள்ளைகளின் தேர்வு முடிவு எல்லாம் கணினிக்குள் கோப்புகளாகவே இருக்கின்றன. அவற்றை நாம் கண்ணால் பார்ப்பதில்லை, நம்புகிறோம். நம்பிக்கை நல்லதுதான். ஆனால் சரிபார்க்கும் வழி ஒன்று இருந்தால்தான் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு.

அந்தத் தாயாரிடம் இருந்தது கணினிக்கு வெளியே வைக்கப்பட்ட ஒரு தாள். அதை அவர் பத்திரமாக வைத்திருந்ததால், அதை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கியாவது எங்களிடம் வந்து கேட்டதால், அவர் மகள் மறுநாள் மேடை ஏறி முதல் பரிசை வாங்கினாள். இப்போது எங்கள் பள்ளிப் பேரேட்டில் கூட்டுத் தொகைக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுகிறோம். 64 குறிகள் கொண்ட நீண்ட வரி. எழுதக் கை வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுதுகிறோம்.